நிமிர்த்தி வைத்த கட்டில்

பாலத்தைத் தாண்டியபோதே வெயில் ஏறிவிட்டது. அத்தை முன்னால் போனாள், நான் பின்னால். அவள் இடுப்பில் ஒரு துணி மூட்டை, என் தலையில் கம்பங்கூழ்க் கலயம். ரோட்டுப் புழுதி பாதத்தில் மாவு போல ஒட்டிச் சுட்டது. திருமங்கலம் இன்னும் எட்டு மைல், அங்கிருந்து மதுரை பன்னிரண்டு மைல். அன்று முழுக்க நடந்தாக வேண்டும்.

"மருமகனே, பின்னாடி யாரும் வாராகளா பாரு."

"யாரும் வரல அயித்த."

"நல்லாப் பாத்தியா?"

"ஒரு நாய் வருது."

"வந்தா வரட்டும். அது என் தாலியக் கேக்காது."

மறுநாள் விடிந்தால் அவள் தாலியை இறக்குவது என்று ஊரில் முடிவாகியிருந்தது. புருஷன் செத்துப் பதினாறாம் நாள் என்று கணக்கு. ஆனால் புருஷன் செத்ததாக ஒரு கடிதம் வரவில்லை. தந்தி வரவில்லை. கூடப் போன ஆள் யாரும் திரும்பி வந்து சொல்லவும் இல்லை. எங்கள் வீட்டுப் பின்வாசலில் ஒரு கட்டில் நிமிர்ந்து நின்றது, அவ்வளவுதான்.

நம் வயதுக்காரர்களுக்கு யுத்தக் காலம் என்றால் அரிசிக்கு வரிசையில் நின்றதும் மண்ணெண்ணெய்க்கு அலைந்ததும் நினைவுக்கு வரும். எனக்கு நினைவுக்கு வருவது செம்புக் கம்பி. அது பச்சை நூல் சுற்றிய கம்பி. மூக்கருகே கொண்டுபோனால் மெழுகு வாடை வரும்.

அந்தக் கம்பிக்குச் சொந்தக்காரர் என் பெரியப்பா மகன். மதுரையில் ஒரு மில்லில் மின்சாரப் பிரிவில் வேலை பார்த்தார். யுத்தத்துக்கு முன்னால் அந்த அண்ணன் தன் வாடகை அறையில் ஒரு கருவி வைத்திருந்தார். அதில் கட்டை விரலால் தட்டித் தட்டி, முகம் தெரியாத ஆட்களோடு கடல் தாண்டிப் பேசுவார். பேச்சு என்றால் வாய்ப்பேச்சு இல்லை, கீ கீ என்று சத்தம்தான். எதற்கு இது என்று கேட்டால், "சும்மாதான்டா" என்பார். யுத்தம் வந்ததும் அந்த மாதிரிக் கருவிகளை எல்லோரும் ஒப்படைத்துவிட வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஒப்படைத்துவிட்டார். கேட்கிற ரேடியோப் பெட்டி மட்டும் மிஞ்சியது. மொட்டை மாடியில் நீளமாகக் கம்பி கட்டினால் போலீஸ் கண்ணில் படும், வீண் விசாரணை வரும் என்று, அறைக்குள்ளேயே ஒரு மரச்சட்டத்தில் கம்பியைச் சுற்றிச் சுற்றிக் கட்டி அதை ஆகாயக் கம்பியாக வைத்துக்கொண்டார். பிறகு பட்டாளத்தில் தந்திப் பிரிவுக்கு ஆள் எடுத்தார்கள். போகும்போது பெட்டியையும் சட்டத்தையும் மாட்டு வண்டியில் ஏற்றி எங்கள் ஊருக்குக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனார்.

எங்கள் ஊர் என்று சொல்கிறேனே தவிர, அது என் அம்மா பிறந்த ஊர். அப்பா காலராவில் போனார், அம்மா அடுத்த வருஷம். நான் தாய்மாமன் வீட்டில் வளர்ந்தேன். அஞ்சாம் வகுப்போடு படிப்பு நின்றது. இதில் வருத்தப்பட ஒன்றும் இல்லை, அந்தத் தெருவில் அஞ்சாம் வகுப்பு வரை போனவன் நான் ஒருத்தன்தான். வீட்டில் தாத்தா, மாமன், அத்தை, நான். மூன்று வருஷம் மழை பொய்த்தபோது மாமன் கொழும்புத் துறைமுகத்துக்கு மூட்டை தூக்கப் போனார். அப்போது அவருக்குக் கல்யாணமாகி எட்டு மாதம். மாதம் ஒரு கடிதம் வரும், நான்தான் படித்துக் காட்டுவேன். அந்த வருஷம் பங்குனியில் கொழும்பில் குண்டு விழுந்தது என்று சந்தையில் பேச்சு வந்தது. அதற்குப் பிறகு கடிதம் வரவில்லை.

தாத்தா கிணற்றுக் கமலையில் மாடு ஓட்டுவதை நிறுத்திவிட்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பார். தபால்காரர் எங்கள் வீட்டைத் தாண்டும்போது சைக்கிளை வேகமாக மிதிப்பார்.

ஒருநாள் அத்தைதான் கேட்டாள். "ஏன்டா மருமகனே, அந்தப் பொட்டி கொழும்ப இழுக்குமா?"

"அண்ணன் கேப்பாரு. நானும் ஒருக்கா கேட்டேன்."

"அப்புறம் எதுக்கு அத மூடிப் போட்டு வச்சிருக்க? ஊறுகாயா அது?"

திறந்து பார்த்தால் பெட்டி நன்றாக இருந்தது. சட்டம்தான் போய்விட்டது. கரையான் உள்ளே புகுந்து மரத்தைத் தின்று, மேலே தொட்டதும் பொலபொலவென்று உதிர்ந்தது. சட்டம் இல்லாமல் அந்தப் பெட்டி பேசாது. அதற்குள் சுருள் என்று தனியாகக் கிடையாது, சட்டத்தில் சுற்றிய கம்பிதான் அதற்குச் சுருளும். கம்பி மட்டும் சிக்கலாகக் கிடந்தது. நான் அதை மடியில் போட்டுப் பிரிக்க ஆரம்பித்தேன். அத்தை கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளே போய் மாமனின் கட்டிலை இழுத்து வந்தாள்.

கல்யாணத்துக்கு அவள் பிறந்த வீட்டில் செய்து கொடுத்த பூவரசங் கட்டில். மாமன் போனபின் யாரும் அதில் படுப்பதில்லை. அரிவாளை எடுத்து ஒரு முடிச்சை வெட்டிவிட்டு, கயிற்றை மடமடவென்று உருவினாள். ஒரு மணி நேரத்தில் வெறும் சட்டமும் நாலு காலும் நின்றன.

"கயிறு சுத்தின இடத்துல கம்பியச் சுத்து. கட்டிலுக்கு என்ன தெரியப் போகுது?"

அண்ணனுடைய சட்டம் சிறியது, சுற்று அதிகம். கட்டில் அதைப் போல மூன்று மடங்கு. பெரிய சட்டத்துக்குக் கம்பி குறைவாகவே போதும் என்பது எனக்கு உறைக்கவில்லை. இருந்த கம்பி தீரும்வரை பதினைந்து சுற்று சுற்றினேன். கம்பியோடு கம்பி ஒட்டக் கூடாது என்று அண்ணன் சொன்னது ஞாபகம் இருந்தது. அதற்கு அத்தை கருவேல முள்ளை ஒடித்து வந்து சட்டத்தில் வரிசையாக அடித்தாள், ஒவ்வொரு முள்ளுக்கு இடையிலும் ஒரு கம்பி. பெட்டியோடு வந்த பேட்டரியை மாட்டினோம். வால்வுக்குள் எறும்பளவு சிவப்பு ஏறியது. காதில் மாட்டுகிற போன் ஒரே ஜோடிதான். நடுவில் வளைவைப் பிரித்து ஒரு காதை அவள் வைத்துக்கொண்டாள், இன்னொன்றை நான். கடல் இரைவது மாதிரி சத்தம். ஸ்டேஷன் பிடிக்கிற கண்டன்சரை இந்தக் கோடி அந்தக் கோடி திருப்பியும் ஆள் குரல் இல்லை.

"என்னடா இது, அரிசி புடைக்கிற சத்தமா இருக்கு?"

மறுநாள் ஒரு சுற்றைக் கழற்றினோம். அதற்கடுத்த நாள் இன்னொன்று. ஒவ்வொன்றாகக் கழற்றிக் கழற்றி எட்டுச் சுற்றுக்கு வந்தபோது, மாலை விளக்கு வைக்கும் நேரத்தில், யாரோ மிருதங்கத்தைத் தட்டினார்கள். அத்தை போனைக் கீழே போட்டுவிட்டாள். திருச்சி! அதற்கடியில், பக்கத்து வீட்டுச் சண்டை சுவரைத் தாண்டிக் கேட்பது போல, இன்னொரு குரல் தமிழில் பேசிக்கொண்டிருந்தது. அது கொழும்பு.

திருச்சியை அமுக்காமல் கொழும்பு கேட்காது. அதற்குக் கட்டிலைத் திருப்ப வேண்டும். சட்டத்தின் விளிம்பு எந்த ஊரைப் பார்க்கிறதோ அந்த ஊர் நன்றாகக் கேட்கும். அகன்ற முகத்தைக் காட்டினால் அந்த ஊர் வாயடைத்துப் போகும். எங்கள் ஊரிலிருந்து திருச்சி வடகிழக்கே, கொழும்பு தென்கிழக்கே. திருச்சிக்கு முகத்தைக் காட்டினால் விளிம்பு ஏறக்குறையக் கொழும்பைப் பார்த்துவிடும். நாங்கள் வாங்கிய வரம் என்றுதான் இதைச் சொல்ல வேண்டும்.

"மொகத்தக் காட்டினா வாய மூடிக்கிறான், இனிமே உங்க தாத்தாகிட்டயும் இப்புடித்தான் செய்யணும்" என்றாள் அத்தை.

எத்தனையோ வருஷம் கழித்து, தூத்துக்குடித் துறைமுகத்தில் நான் கலாசி வேலை பார்த்தபோது ஒரு கப்பலின் மேல்தளத்தில் திரும்புகிற உலோக வளையம் ஒன்றைப் பார்த்தேன். திசை கண்டுபிடிக்க என்றார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் கட்டிலுக்கு நாலு கால் இருந்தது, அதற்கு ஒன்றுதான்.

வீட்டுக்குள் கட்டிலைச் சுற்றித் திருப்ப இடம் இல்லை, கூரை தாழ்வு. பின்வாசலில் கிணற்றுக்கும் வேப்பமரத்துக்கும் நடுவே தூக்கிப் போய் நட்டமாக நிறுத்தினோம். நான் பிடித்துக்கொண்டு அங்குலம் அங்குலமாக நகர்த்துவேன், அத்தை கேட்டுக்கொண்டே கையால் சைகை செய்வாள். சரியான இடம் வந்ததும் கட்டில் கால் பதிந்த மண்ணில் இரண்டு முளை அடித்துவிட்டாள்.

இந்த இடத்தில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் கட்டிலை யாரும் நிமிர்த்தி வைக்க மாட்டார்கள். ஒரு வீட்டில் ஆள் செத்தால், அவர் படுத்த கட்டிலைக் கழுவி நட்டமாக நிறுத்துவார்கள். அதைப் பார்த்தால் போதும், வேறு யாரும் வந்து கேதம் சொல்ல வேண்டாம். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஆண்கள் வந்துவிடுவார்கள், பெண்கள் தெருமுனையிலிருந்தே மாரில் அடித்துக்கொண்டு வருவார்கள். அத்தைக்கு இது தெரியாதா? தெரியும். அதனால்தான் காட்டு வேலைக்குப் போனவர்கள் திரும்புவதற்குள் கட்டிலைப் படுக்கப் போட்டுவிட வேண்டும் என்று கட்டளை. படுக்கப் போடுவது என் வேலை.

ஒன்பது நாள் கேட்டோம். போர்ச் செய்தி, சாமான் விலை, பாட்டு. பத்தாம் நாள் மாலை அந்தக் குரல் துறைமுகத்தைப் பற்றிப் பேசியது. குண்டு விழுந்த பயத்தில் கூலி ஆட்களில் நிறையப் பேர் ஊரை விட்டு உள்நாட்டுப் பக்கம் போய்விட்டார்கள், அவர்கள் பயப்படாமல் வேலைக்குத் திரும்ப வேண்டும் என்று சொன்னது. பேர் எதுவும் சொல்லவில்லை. ஆனால் அத்தைக்கு அது போதுமாக இருந்தது.

"ஓடிருப்பாகடா! மொத ஆளா ஓடிருப்பாக உங்க மாமன். கெடேரி முட்ட வந்தாலே வரப்புத் தாண்டி ஓடுற மனுசன், குண்டுக்கு நிப்பாகளா?"

சிரித்தாள். சிரித்துக்கொண்டே கிணற்றுக் கல்லில் உட்கார்ந்தாள். ஒரு மாதமாக அடக்கி வைத்திருந்தது அப்போதுதான் உடைந்தது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தோள் குலுங்க அழுதாள். நான் கட்டிலைப் படுக்கப் போட்டிருக்க வேண்டும். செய்தி முடிந்து ஒரு பாட்டு ஆரம்பித்திருந்தது. இரண்டு போனையும் இரண்டு காதிலும் முழுசாக வைத்துக் கேட்க எனக்கு அதுவரை வாய்த்ததே இல்லை. வைத்துக்கொண்டு நின்றேன்.

பாட்டு முடிந்து போனைக் கழற்றினால், அதைவிடப் பெரிய சத்தம். பின்வீட்டுக்காரி தண்ணீர் இறைக்க வந்திருக்கிறாள். மாமனின் கட்டில் நட்டமாக நிற்பதையும் அத்தை குலுங்குவதையும் பார்த்திருக்கிறாள். குடத்தைப் போட்டுவிட்டு, "அய்யோ என் ராசா, கடலுக்கு அங்கிட்டுப் போயிக் கண்ண மூடிட்டியே!" என்று ஒப்பாரியை எடுத்துவிட்டாள். நான் கட்டிலைத் தள்ளிப் படுக்கப் போடுவதற்குள் பத்துப் பெண்கள் வேலியைத் தாண்டிவிட்டார்கள். அத்தையைச் சுற்றி உட்கார்ந்து அவள் தலையை ஆளாளுக்கு மார்பில் சாய்த்துக்கொண்டார்கள்.

"அவுக சாகலடி! விடுங்கடி என்ன! ஓடிட்டாகன்னு சேதி!"

"எந்தப் பொம்பளதான் ஒத்துக்குவா? அழு தாயி, அழுது தீத்துரு."

தாத்தா காட்டிலிருந்து வந்தார். கூட்டத்தைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார். மாடு ஓட்டும் தார்க்குச்சியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்தார்.

நான் சொன்னேன். யாரிடமெல்லாம் சொன்னேன் தெரியுமா? பின்வீட்டுக்காரியிடம், ஊர்ப் பெரியவரிடம். கம்பிக்காகத்தான் கட்டிலை நிறுத்தினோம், இதோ கேளுங்கள் என்று போனை அவர் காதில் வைத்தேன். பேட்டரி அதற்குள் வற்றிவிட்டது. அவர் கொஞ்ச நேரம் காதில் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, தலையை ஆட்டித் திருப்பிக் கொடுத்தார்.

"ஒரு சத்தமும் இல்லயேப்பா. செத்த பெறகு என்ன சத்தம் வரும்."

மறுநாள் காலையில் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு திருமங்கலம் போனேன். பஞ்சாலை எஞ்சின் அறையில் அதற்கு மின்சாரம் ஏற்றித் தருவார்கள். அன்றிரவு அங்கேயே கிடந்து, மறுநாள் ஒன்பது மைல் சுமந்து திரும்பினேன். கண்ணாடி ஜாடியிலிருந்து ஆசிட் சிந்தி என் டவுசரில் பொத்தல் பொத்தலாகிவிட்டது, தொடையில் இன்றைக்கும் தழும்பு இருக்கிறது. ஊருக்குள் நுழையும்போது கண்மாய்க்கரையில் புகை. செத்தவர் கட்டிலை வீட்டில் வைக்கக் கூடாது என்று கொண்டுபோய் எரித்துவிட்டார்கள். கம்பியோடு. செம்பு எரிந்தால் தீ பச்சையாக இருக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். சின்னப் பிள்ளைகள் கைதட்டி வேடிக்கை பார்த்தார்கள். யுத்தக் காலத்தில் அந்தக் கம்பி மதுரையிலேயே கிடைக்காது. இனி கொழும்பைக் கேட்க வழி இல்லை.

அத்தையை மூலையில் உட்கார வைத்திருந்தார்கள். நான் பேட்டரியோடு போய்த் தாத்தாவிடம் நின்றேன்.

"தாத்தா, மாமன் ஓடிப் போயிட்டாருன்னுதான் நாங்க நெனச்சோம். செத்தாருன்னு யாரும் சொல்லல."

"நீங்க நெனச்சது நெசமா இருந்தா நல்லதுதான்டா."

"அப்ப எதுக்குத் தாத்தா பதினாறு?"

பேட்டரியை என் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தார். பிறகு சொன்னார்: "அவன் போயிட்டான்னு நான் முந்தாநாளே அழுதுட்டேன். இனிமே இருக்கான்னு நெனச்சு, நாளைக்கு இல்லன்னு ஒரு காயிதம் வந்துச்சுன்னா, எத்தன தடவடா அழ முடியும் என்னால? வந்தான்னா தலைக்குத் தண்ணி ஊத்தி உள்ள கூப்புட்டுக்குவோம். அதுக்கு முறை இருக்கு."

அன்றைக்கு அவரை ராட்சசன் என்று நினைத்தேன். இப்போது என் வயது அன்றைய அவர் வயதைத் தாண்டிவிட்டது. ஒரு மாதமாக ரோட்டைப் பார்த்துப் பார்த்து அவருக்கு அலுத்துவிட்டது. எதிலாவது போய் முட்டி நிற்க வேண்டியிருந்தது, கட்டில் வந்து நின்றது. தன் துக்கத்துக்கு ஒரு கரை கட்டிக்கொள்ள அவருக்கு உரிமை உண்டு. அத்தையின் கழுத்தில் கைவைத்துத்தான் அந்தக் கரையைக் கட்ட முடியும் என்று எண்ணியதுதான் தப்பு. அவருக்கு அது தப்பாகப் படவே இல்லை. சாகும்வரை படவில்லை.

பதினைந்தாம் நாள் விடிந்தும் விடியாமலும், எல்லோரும் மறுநாள் சடங்குக்கு விறகு வெட்டப் போயிருந்த நேரம் பார்த்து, அத்தை என்னை உலுக்கினாள். "மதுரைக்கு வாரியா?" என்றாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. அன்றிலிருந்து யார் கூப்பிட்டாலும் எதற்கு என்று கேட்காமல் கிளம்புகிற பழக்கம் எனக்கு ஒட்டிக்கொண்டது.

திருமங்கலத்தில் கூழைக் குடித்தோம். கலயத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அத்தை ஒரு பூக்காரியிடம் கொஞ்சம் கதம்பம் வாங்கித் தலையில் வைத்துக்கொண்டாள். பதினாலு நாளாக வைக்காத பூ. பூக்காரி, "என்னத்தா, புருசன் ஊர்லருந்து வாராகளா?" என்று கேட்டாள்.

"வரணும்" என்றாள் அத்தை.

வந்தாரா என்று நீங்கள் கேட்பீர்கள். வரவில்லை. செத்தார் என்றும் சேதி இல்லை. யுத்தம் முடிந்து நானே கொழும்புக்குப் போய்த் துறைமுகத்தில் விசாரித்தேன். அந்தப் பேரில் ஒருத்தர் இருந்தார் என்றார்கள், குண்டு விழுந்த அன்று எல்லோரும் ஓடினோம், யார் எங்கே போனார்கள் என்று யாருக்குத் தெரியும் என்றார்கள். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. அத்தையிடம் அதை அப்படியே சொன்னேன்.

இருட்டுவதற்கு முன்னால் மதுரை வந்து சேர்ந்தோம். எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி ஒரு நூல் மில்லில் வேலை பார்த்தாள். அவள் குடிசையில் படுத்தோம். பட்டாளத்துக்குத் துணி வேண்டியிருந்ததால் மில்லில் ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். காலையில் சங்கு ஊதுவதற்கு முன்னாலேயே வாசலில் நின்றோம். மேஜை போட்டு உட்கார்ந்திருந்த எழுத்தர் தலை நிமிராமல் கேட்டார்.

"தகப்பன் பேரா, புருஷன் பேரா?"

"புருஷன் பேரு."

"சொல்லு."

புருஷன் பேரைச் சொல்லும் வழக்கம் இல்லை. அத்தை என்னைப் பார்த்தாள். நான் மாமன் பேரைச் சொன்னேன். எழுத்தர் எழுதினார். பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இன்னொரு கேள்வி கேட்டார்.

"ஆள் இருக்கானா, இல்லையா? இல்லேன்னா வேற மாதிரி எழுதணும்."

பின்னால் வரிசையில் நின்ற பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். அத்தை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"இருக்காக. நீங்க எழுதுங்க."

அவர் எழுதினார். நான் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் படிக்கத் தெரியும். தலைகீழாகவும் படித்தேன். இன்னாரின் மனைவி என்று எழுதி, மையொற்றும் தாளை வைத்து ஒற்றினார். பிறகு என்னைப் பார்த்து, "வயசு?" என்றார்.

"பதிமூணு."

"பல்லக் காட்டு." காட்டினேன். "ம். எந்திரத்துக்கு அடியில பஞ்சு கூட்டணும். குனிஞ்சே கெடக்கணும். செய்வியா?"

"செய்வேன்."

சங்கு ஊதியது. அத்தை பெண்கள் வாசலில் நுழைந்தாள். என் கையில் ஒரு விளக்குமாற்றைக் கொடுத்து ஆண்கள் வாசல் பக்கம் அனுப்பினார்கள்.